"யாதானும் ஒரு காரணம்": திருகோணமலையில் ஐந்து நாள்

முதல் நாள்

யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருகிறேன். நேரான சொல்லை விட்டுத் தகுதியான வேறு சொல்லால் வழங்கும் தகுதி வழக்கை நன்னூலில் தொடும்போதெல்லாம் குழூஉக்குறிக்கு நான் சொல்லும் எடுத்துக்காட்டுகள் மூன்றுதாம்: பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பர், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்பர், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பர். எனக்குக் கற்பித்தவரும் இவற்றையே சொன்னார். சென்ற தவணையில் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், எங்கட ஊரில யானைப்பாகரே இல்லையே. இப்ப வேலை செய்யிற ஆக்கள் என்னென்ன சொல்லினம்?" என்று கேட்டாள். மறுமொழி சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒரு குழுவினர் யாதானும் ஒரு காரணம்பற்றி ஒரு பொருளின் வழக்கமான பெயரை ஒழித்து வேறு பெயரால் வழங்குவது குழூஉக்குறி என்று வரைவிலக்கணம் ஒப்புவித்த நான், அந்த "யாதானும் ஒரு காரணம்" என்னவென்று ஒருநாளும் யோசித்ததில்லை. மறைப்பதற்காகத்தான் என்று மாணவர்கள் எண்ணிக்கொண்டார்கள். நானும் அப்படியே எண்ணியிருந்தேன்.

சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரம் விடுமுறையாக இருந்தது. என் மனைவியின் தம்பி திருகோணமலையில் உவர்மலையில் வீட்டுக்கு மேல்மாடி கட்டிக்கொண்டிருக்கிறார். "அத்தான், வந்து ஒருக்காப் பாருங்கோவன்" என்று பலமுறை அழைத்திருந்தார். அழைப்பையும் கேள்வியையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

வவுனியாவில் பேருந்து மாறி ஹொரவப்பொத்தானை வழியாக வந்தேன். பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இறங்க வேண்டியவர் "இறக்கம்" என்று ஒரு பெயர்ச்சொல்லை மட்டும் உரக்கச் சொல்கிறார். வினைமுற்றுக்கு அங்கே வேலையில்லை. நடத்துநர் "றைட்" என்றால் சரி என்பது பொருளன்று, புறப்படு என்பதே பொருள். ஹொரவப்பொத்தானைக்கு முன்னும் பின்னும் அவரே "இறக்கம்" என்பதையும் சிங்களத்தில் "பஹினவா" என்பதையும் மாற்றி மாற்றிக் கேட்டு நிறுத்தினார். "றைட்" மட்டும் இரு மொழியாருக்கும் பொதுவாக இருந்தது. குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் இவ்விரண்டையும் எழுதிக்கொண்டேன்.

இரண்டாம் நாள்

விடியுமுன்பே உப்புவெளிக்கு வடக்கே உள்ள கரைக்குப் போனேன். ஆண்டின் இந்தக் காலத்தில் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். கரைவலைக்கு ஏற்ற பருவம். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் நிற்பவர்களிடம் கொடுத்துவிட்டுத் தோணி கடலுக்குள் போய், வலையை அரைவட்டமாக இறக்கிக்கொண்டு வந்து, மற்றத் தலைப்பைச் சற்றுத் தொலைவில் கரையேற்றுகிறது. இதனை அவர்கள் வளைத்தல் என்கிறார்கள். பின்னர் இரண்டு அணியாகப் பிரிந்து நின்று இழுக்கத் தொடங்குகிறார்கள். இழுக்க இழுக்க இரு அணியும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. கடைசியில் நடுவில் உள்ள பைபோன்ற பகுதி கரைக்கு வருகிறது. அதன் பெயர் மடி. பசுவுக்கும் தாய்க்கும் உள்ள சொல் வலைக்கும் அமைந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது.

வலைக்கு உரிமையாளர் சம்மாட்டி. அன்றைய சம்மாட்டியார் நடுத்தர வயதினர்; நான் ஆசிரியர் என்று அறிந்ததும் என்னை "மாஸ்டர்" என்று அழைத்துத் தம் பக்கத்தில் மணலில் இருத்திக்கொண்டார். கயிறு பிடித்து நின்றவர்களுள் ஒருவர் அவரைப் பார்த்துச் சொன்ன ஒரு வசனத்தை அப்படியே எழுதிக்கொண்டேன்: "நேத்து அவங்கட பாட்டில நல்ல பாடு, இண்டைக்கு எங்களுக்கு ஒரு பாடுதான் வளைக்கலாம்." தமிழ் படித்த எனக்கு இவ்வசனம் முதலில் புரியவேயில்லை. சம்மாட்டியார் பிரித்துச் சொன்னார். முதலில் வரும் பாடு கரையின் ஒரு பகுதி. இன்னாருக்கு இன்ன பாடு என்று கரை பங்கிடப்பட்டிருக்கிறது. அடுத்த பாடு அகப்பட்ட மீன். மீன்பாடு என்று செய்தித்தாளிலும் எழுதுகிறார்கள். மூன்றாவது, வலையை ஒருமுறை வளைத்து இழுக்கும் ஒரு தடவை. இவற்றோடு, மீன் கிடைக்காத நாளில் வீட்டில் படும் பாடு வேறு இருக்கிறது என்று அவர் சிரித்தார்.

முதனிலை திரிந்த தொழிற்பெயருக்கு எடுத்துக்காட்டு: படு, பாடு. இதனை எத்தனை தடவை கரும்பலகையில் எழுதியிருப்பேன்! வலையில் மீன் படுகிறது, ஆகவே பாடு. அந்த வினைச்சொல் இங்கே உயிரோடு இருக்கிறது. "மீன் படேல்லை" என்றுதான் சொல்கிறார்கள், கிடைக்கவில்லை என்று சொல்வதில்லை. ஆக, இச்சொல்லை யாரும் யாருக்கும் மறைக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல், அவர்களுடைய நாள் முழுவதும் அதன்மேல் நின்றமையால், அகன்று அகன்று வெளியாளுக்குப் புரியாமற் போய்விட்டது. இங்கே பெயர் ஒழிக்கப்படவேயில்லை. பறியும் காரையும் காட்டும் குழூஉக்குறியோடு இதனைச் சேர்க்கலாமா என்று இரவு நெடுநேரம் யோசித்தேன்.

காற்றைப் பற்றிய பேச்சில் நான் ஒரு தவறு செய்தேன். "சித்திரை கழிஞ்சா கச்சான் துவங்கிரும், பிறகு கஸ்டம்" என்றார் முதியவர் ஒருவர். அந்நேரம் நிலக்கடலைச் சுருள்களோடு ஒரு சிறுவன் எங்களைக் கடந்து போனான். நம் நாட்டில் நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதானே பெயர்! கடலை விற்பனைக்கும் மீன்பிடிக்கும் என்ன தொடர்பு என்று கேட்டுவிட்டேன். கயிறு இழுத்தவர்கள் ஒரு கணம் இழுப்பதை நிறுத்திச் சிரித்தார்கள். கச்சான் மேற்கேயிருந்து தரைமேல் வரும் வரண்ட காற்று. வாடை, கொண்டல், சோழகம் என மற்றவற்றுக்கும் திசை உண்டு. நகரத்தில் "இன்று காற்று அதிகம்" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். கடலில் பெயரில்லாத காற்று இல்லை.

இழுக்கும்போது பாடுவது அம்பா. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் "ஏலேலோ" என்று ஏற்கிறார்கள். அந்த ஓசையில் எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் பின்வாங்குகின்றன. சில சொற்களுக்குப் பொருள் கேட்டேன். "இழுக்கிறதுதான் அதுக்குப் பொருள் மாஸ்டர்" என்றார் சம்மாட்டியார். மடி கரைக்கு வந்தபோது சூடையும் கீரியும் கொஞ்சம் பாரைக் குஞ்சுகளும் துள்ளின. மிக நல்ல பாடு என்று சொல்ல முடியாதாம். நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து பருவத்துக்கு வந்து தங்கியிருக்கும் சிங்கள மீனவர்களும் கரையில் நின்றார்கள். தென்னோலைக் கொட்டிலை நம்மவர் வாடி என்கிறார்கள், அவர்கள் வாடிய என்கிறார்கள். கரைவலை மட்டும் அவர்கள் வாயில் மாதெல ஆகிறது.

மூன்றாம் நாள்

இன்று முழுவதும் மச்சானின் மேல்மாடியில் கழிந்தது. புத்தாண்டுக்கு வேலையாட்கள் ஊருக்குப் போகுமுன் பிளேட் போட்டு முடிக்க வேண்டும் என்ற அவசரம். கொங்கிறீற்றுத் தளத்துக்கு இங்கே பிளேட் என்று பெயர். தலைமை மேசனை எல்லோரும் பாஸ் என்று அழைக்கிறார்கள். அவரோடு வந்த சிங்கள இளைஞரும் அவரைப் பாஸ் என்றே அழைக்கிறார். ஒல்லாந்தர் தங்கள் மேலாளை அழைத்த சொல் அது. பாறையைப் பெயர்க்கப் பயன்படுத்திய இரும்புக் கோல் அலவாங்கு; அது போர்த்துக்கேயரின் அலவாங்கா. அரசகரும மொழித் திணைக்களத்தார் கலைச்சொற்றொகுதிகள் வெளியிட்ட காலத்திலிருந்து பாடநூல்களில் நெம்புகோல் இருக்கிறது. நானும் அதனையே எழுதுவேன். ஆனால் "நெம்புகோலை எடுத்து வாரும்" என்று இன்று மேல்மாடியில் சொல்லியிருந்தால் யாரும் அசைந்திருக்க மாட்டார்கள்.

போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களால் கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். 1803இல் அதற்குப் பிரடெறிக் கோட்டை என்று பெயரிட்டார்கள். கோட்டையைக் காட்டி இந்த வரலாற்றைச் சொல்லும் வழிகாட்டிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அலவாங்கும் பாஸும் மேசனும் ஒரே மேல்மாடியில் சீமெந்து படிந்து நிற்பதை யாரும் காட்டுவதில்லை. இதில் ஓடாவி மட்டும் நம் சொல்லாக நிற்கிறார். முன்னர் ஓடம் செய்தவர், இப்போது கதவு நிலை செய்கிறார். ஊர்ப்பெயர்களிலும் இதே கதைதான்: ஆங்கிலேயரின் கொட் பே என்ற குடா கொட்பே ஆயிற்று, அலஸ் என்பவரின் தோட்டம் அலஸ்தோட்டம் ஆயிற்று.

பிற்பகலில் ஒரு கூச்சல் என்னைத் திடுக்கிட வைத்தது. இரும்புக் கம்பிக் கட்டுகளைக் கப்பியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கீழே இறக்க வேண்டிய நேரத்தில் கப்பிக்குப் பொறுப்பாக நின்ற முதியவர் "ஆரியா! ஆரியா!" என்றார். ஆரிய திராவிட விவாதம் கட்டட வேலைக்குள் எப்படி வந்தது என்று நான் திகைத்தேன். அவருடைய தந்தையார் 1957 வரை பிரித்தானியக் கடற்படை வைத்திருந்த டொக்யாட்டில் வேலை செய்தவர். மகனும் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளோடு வேலை செய்துவிட்டு ஓய்ந்தவர். ஆரியா என்றால் மெல்ல இறக்கு என்று பொருளாம். போர்த்துக்கேய மொழியில் பாயையோ கொடியையோ இறக்குவதற்குள்ள வினைச்சொல் அர்ரியார். இந்தியப் பெருங்கடலின் கப்பல்களில் போர்த்துக்கேயமும் இந்துத்தானியும் பாரசீகமும் அரபும் கலந்து மாலுமிகள் பேசிய லஸ்கரி மொழி இச்சொல்லைத் துறைமுகம்தோறும் கொண்டுபோயிற்று. நங்கூரம், சுக்கான், சாரங்கு ஆகியவையும் அந்தக் கடல்வழியாக நம்மிடம் வந்தவைதாம்.

ஏன் "இறக்கு" என்று தமிழில் சொல்லக் கூடாது என்று கேட்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "இறக்கு எண்டா இரைச்சலில 'இறுக்கு' எண்டு கேக்கும் ஐயா. கயிற்றை இறுக்கினா ஆள் செத்துப் போவான்." இதற்குப் பிறகு கேட்க ஒன்றுமில்லை. ஆரியா என்ற சொல்லின் கடைசியில் நிற்கும் நெடிலை எவ்வளவு நேரமும் நீட்டலாம். நீட்டும் வரைக்கும் கயிறு இறங்குகிறது, வாயை மூடியதும் நிற்கிறது.

நான்காம் நாள்

காலைப் புகையிரதத்தில் தம்பலகாமம் சென்றேன். வழியில் சீனக்குடா நிலையம். பற்றைக்காட்டுக்குள் மறைந்திருக்கும் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகளுள் ஒன்று 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானியரின் வான்தாக்குதலில் அழிந்தது. நம் செய்தித்தாள்கள் அவற்றை எண்ணெய்க் குதங்கள் என்று எழுதும். தமிழகத்து நண்பர் ஒருவர் இந்தச் சொல்லைப் படித்துவிட்டு நெடுநேரம் சிரித்ததும், சிரிப்புக்குக் காரணம் கேட்டு அகராதியைப் புரட்டிய நான் வெட்கப்பட்டதும் நினைவுக்கு வந்தன. அவையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்லும் இடக்கரடக்கலை நேரெதிராகத் திருப்பி வைத்ததற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. வகுப்பில் சொல்லத்தான் முடியாது.

கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்கள் தம்பலகாமத்தில். பெரும்போக அறுவடை முடிந்து, சில வயல்களில் சிறுபோகத்துக்கு உழவு நடக்கிறது. மச்சானுக்குத் தெரிந்த முதிய விவசாயி ஒருவர் வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டு பழைய களத்தைப் பற்றி மூன்று மணித்தியாலம் பேசினார். இப்போது வெட்டு மெசின் வயலுக்குள்ளேயே அறுத்து, அடித்து, தூற்றி, மூட்டையில் போட்டுவிடுகிறது. களம் என்ற இடமே தேவையில்லை. அவர் இளைஞராக இருந்தபோது, வெட்டிய கதிரைச் சூடாக அடுக்கி வைத்து, பிறகு களத்தில் பரப்பி எருமைகளை விட்டு மிதிப்பித்தார்கள். நெற்கதிர்க் குவியலைக் குறிக்கும் இந்தச் சூடு சங்கப் பாடல்களிலேயே வருகிறது. சுடு, சூடு என்று நான் படுவுக்குப் பக்கத்தில் எழுதும் சூட்டோடு இதனைக் குழப்பக் கூடாது.

"களத்துக்குள்ள காலை வைச்சா வேற பாசை" என்றார் அவர். நெல்லை நெல் என்று சொல்லக் கூடாது, அது பொலி. வைக்கோலைப் புரட்டி இழுக்கும் வளைந்த கம்பு, கம்பு அன்று, அவன் வேலைக்காரன். தீர்ந்தது, குறைந்தது, இல்லை என்ற சொற்கள் வாயில் வரவே கூடாது. செருப்போடு களத்துக்குள் போகவும் கூடாது. அளக்கும்போது மரைக்காலைக் குவித்து முதலில் ஒன்று என்று எண்ண மாட்டார்கள். "லாபம்" என்று தொடங்கி, இரண்டு, மூன்று என்று போவார்கள். சிங்கள விவசாயிகளுக்கும் களத்துக்கென்றே தனிமொழி உண்டு. அதனைக் கமத் பாசாவ என்கிறார்கள்.

ஏன் இப்படி? மறைப்பதற்காகத்தான் என்று அவர் உடனே சொன்னபோது, என் பழைய எண்ணம் இங்காவது சரியாயிற்று என்று மகிழ்ந்தேன். ஆனால் யாருக்கு மறைக்கிறார்கள் என்று கேட்டால், அயல் வயற்காரருக்கோ வியாபாரிக்கோ அன்று, பூதத்துக்கு. களத்தைச் சுற்றி நிற்கும் பூதங்கள் நெல் என்ற சொல்லைக் கேட்டால் விளைவை அள்ளிக்கொண்டு போய்விடும் என்பது நம்பிக்கை. அயல் வயற்காரருக்கு இந்தச் சொற்கள் எல்லாம் தெரியும். அவருடைய களத்திலும் இதே பேச்சுத்தான். அப்படியாயின் இது குழூஉக்குறியா, மங்கலமா? செத்தாரைத் துஞ்சினார் என்பதும், அரிசி இல்லை என்று சொல்லாமல் விளக்கை அணை என்று சொல்லாமல் வீட்டில் நாம் ஒதுங்கிப் போவதும் மங்கலம் என்றால், பொலியும் லாபமும் அங்கேதான் சேர வேண்டும். நன்னூலார் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். பெட்டிகளுக்கு இடையே சுவர் வைத்தவர்கள் என்னைப்போன்ற ஆசிரியர்கள்தாம் என்று இப்போது தோன்றுகிறது.

அவருடைய பேரன் வெட்டு மெசின் ஓட்டுகிறான். களத்துச் சொற்கள் அவனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். பொலி மட்டும் தெரியும் என்றான். மெசினை முதன்முதல் வயலில் இறக்கும்போது எலுமிச்சம்பழம் வெட்டி வைப்பானாம். "மெசினுக்குள்ள இருந்து கத்தினாலும் பூதத்துக்குக் கேக்காது சேர், அவ்வளவு சத்தம்" என்றான்.

ஐந்தாம் நாள்

புத்தாண்டுக்கு முந்திய நாளாதலால் கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை. காலையில் மீன் சந்தையைப் பார்த்தேன். மீனைச் சிறு குவியல்களாகப் பங்கிட்டு வைத்தால் அது கூறு. பெரிய மீனை ஏலத்தில் விலை சொல்லிச் சொல்லி விற்பது கூறி விற்பது. இரண்டு கூறும் ஒரே ஈரத் தரையில் நடக்கின்றன.

பிறகு சாரம் வாங்கப் புடைவைக் கடைக்குப் போனேன். நான் எடுத்த சாரத்தின் சீட்டில் விலையோடு சில தமிழ் எழுத்துகளும் தனியாக எழுதப்பட்டிருந்தன. கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டபோது கடைப் பையன் சீட்டைப் புரட்டி அந்த எழுத்துகளைப் பார்த்துவிட்டு, பணப்பெட்டியில் இருந்த முதலாளியை நோக்கிக் கண்ணசைத்தான். முதலாளி தலையசைக்க நூறு ரூபா குறைந்தது. அவ்வெழுத்துகள் கொள்விலை. பல ஊர்களில் வியாபாரிகள் செய்வதுதான்: எழுத்துத் திரும்ப வராத ஒரு சொல்லைத் தெரிந்தெடுத்து, எழுத்துக்கு ஓர் இலக்கமாக வைத்துக்கொள்வார்கள். சொல் தெரிந்தவருக்கு அசல் விலை தெரியும். வாங்குகிறவருக்கு வெறும் எழுத்துத் தெரியும். நான்கு நாளாக நான் தேடிய மறைவு இங்கேதான் இருந்தது. பொற்கொல்லரின் பறியும் வாடிக்கையாளர் முன்னிலையில் பேசப்பட்டதுதானே! நான் ஆசிரியர் என்றும் எதற்காகக் கேட்கிறேன் என்றும் முதலாளியிடம் விளக்கினேன். "மாஸ்டர், இலக்கணம் நீங்க படிப்பியுங்கோ, இதை நான் பாத்துக்கொள்ளுறன்" என்று சொல்லி, சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தபடி மிச்சக் காசைத் தந்தார்.

மச்சானுக்கும் ஒரு சாரம், மருமகனுக்கு ஒரு சேட்டு என்று மேலும் இரண்டு வாங்கினேன். பேருந்தில் யன்னலோரம் இருந்து மூன்று சீட்டுகளையும் மடியில் பரப்பினேன். சுழியத்துக்கு எழுத்தில்லை, ஒரு புள்ளிதான் என்பது இரண்டாம் சீட்டிலேயே தெரிந்துவிட்டது. ஆகவே சொல்லுக்கு ஒன்பது எழுத்துப் போதும். ஆயிரத்தைத் தாண்டிய இரண்டு சாரங்களும் ஒரே எழுத்தில் தொடங்கின, அது ஒன்று. சேட்டுச் சீட்டு வேறு இரண்டு எழுத்துகளைத் தந்தது. ஹொரவப்பொத்தானை நெருங்கும்போது முதலாளி பார்த்த நாட்காட்டியில் என்ன படம் இருந்தது என்பது நினைவுக்கு வந்தது. விரல்விட்டு எண்ணினேன், ஒன்பது எழுத்து, ஒன்றும் திரும்ப வரவில்லை. சாரத்தில் அவருக்கு எவ்வளவு மிஞ்சியது என்பதும் தெரிந்தது, அதிகமில்லை.

மாணவிக்கு என் குறிப்பேட்டை அப்படியே கொடுக்கலாம் என்றிருந்தேன். கடைசிப் பக்கத்தை மட்டும் இப்போது கிழித்து வைத்திருக்கிறேன். புத்தாண்டு வியாபாரம் இன்னும் முடியவில்லை. அந்தச் சொல்லை நான் இங்கும் எழுதப் போவதில்லை.